ரோஸ் கலர் ஊற்றினால் காஷ்மீர் டீ ஆகிவிடுமா?

காஷ்மீர் டீயை வீட்டிலேயே போடுவது எப்படி என்று கேட்டால் இப்போது பல பேர் சொல்லும் வழி இதுதான். பாலைக் காய்ச்சு. கொஞ்சம் கிரீன் டீ போடு. ஏலக்காய் தட்டிப் போடு. சர்க்கரை போடு. கடைசியில் ரோஸ் கலர் இரண்டு சொட்டு. ஐந்தே நிமிடம்! மேலே பிஸ்தாவைச் சீவித் தூவி, ஜன்னல் ஓரமாக வைத்து ஒரு போட்டோ. "பாரம்பரிய காஷ்மீரி பிங்க் டீ ரெடி."

இது காஷ்மீர் டீ இல்லை, சூடு பண்ணிய ரோஸ்மில்க். ரோஸ்மில்க் குடிப்பதில் ஒரு தப்பும் கிடையாது, வெயிலுக்கு அருமையான பானம். ஆனால் அதற்கு எதற்கு காஷ்மீர் என்ற பெயர்? "பாரம்பரிய" என்ற அடைமொழி வேறு எதற்கு?

முதலில் பெயரைப் பார்ப்போம். காஷ்மீர் பள்ளத்தாக்கில் அந்த டீயின் பெயர் நூன் சாய். காஷ்மீரி மொழியில் நூன் என்றால் உப்பு. ஆக, உப்பு டீ. ஷீர் சாய் என்றும் சொல்வார்கள். ஷீர் என்றால் பாரசீகத்தில் பால். நிறத்தை வைத்து வந்த குலாபி சாய், பிங்க் டீ எல்லாம் பெரும்பாலும் வெளியே இருந்து பார்க்கிறவர்களின் பெயர்கள். தினமும் குடிக்கிறவனுக்கு அது உப்பு டீ, போட்டோ எடுக்கிறவனுக்கு அது பிங்க் டீ. வித்தியாசம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

"டீயில் உப்பா? சீச்சீ!" என்று முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். திபெத்தில் டீக்கு உப்பும் வெண்ணெயும். லடாக்கிலும் அப்படியே. மங்கோலியாவில் பாலும் உப்பும். இமயமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய நிலப்பரப்பே டீயை உப்புப் போட்டுத்தான் குடித்து வந்திருக்கிறது. காஷ்மீர் பள்ளத்தாக்கில் தேயிலை விளைவதில்லை. மலைப்பாதைகளில் வந்து போன வியாபாரத்தில்தான் இலையும் வந்தது, குடிக்கும் முறையும் வந்தது. இந்தியச் சமவெளியில் சர்க்கரை போட்ட பால் டீ வீட்டுக்கு வீடு பரவியது எப்போது? தேயிலை விற்பனையை வளர்ப்பதற்கென்றே 1903-ல் சட்டம் போட்டு வரி வசூலித்து, அந்தப் பணத்தில் பிரசாரம் செய்து, ஊர் ஊராக இலவசமாக டீ ஊற்றிக் கொடுத்துப் பழக்கியதற்குப் பிறகு! நேற்று வந்த பழக்கத்தை வைத்துக்கொண்டு முந்தாநாள் பழக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தால் எப்படி?

இனி நிறத்துக்கு வருவோம். சண்டையே இதில்தான்.

நூன் சாயின் நிறம் எந்தப் புட்டியிலிருந்தும் வருவதில்லை, பச்சைத் தேயிலையிலிருந்தே வருகிறது. பச்சை இலையிலிருந்து சிவப்பா என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. வெற்றிலை பாக்கு போடுகிற பாட்டியைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். வெற்றிலை பச்சை, பாக்கு பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை, ஆனால் வாய் மட்டும் எப்படிச் சிவக்கிறது? பாக்கில் இருக்கும் துவர்ப்புச் சத்து, சுண்ணாம்பின் காரமும் காற்றும் பட்டு மாறிச் சிவப்பாகிறது. பச்சைத் தேயிலையிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த துவர்ப்புச் சத்து இருக்கிறது, கேட்டகின் என்பார்கள். சுண்ணாம்பின் இடத்தில் ஆப்ப சோடா. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்க வைக்க அதிலிருந்து கரியமில வாயு வெளியேறி, அதைவிடக் காரமான சலவை சோடாவாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அந்தக் காரத்தில் இலை வேகிறது, காற்று கலக்கிறது, கேட்டகின் சிவக்கிறது. கடைசியில் கிடைப்பது கருஞ்சிவப்பு டிகாக்‌ஷன். அதில் வெள்ளைப் பாலை ஊற்றினால் இளஞ்சிவப்பு. அவ்வளவுதான் ரகசியம். ஆப்ப சோடா பாக்கெட்டில் வருவதற்கு முன்பு, லடாக் பக்கம் நிலத்தில் பூநீறு போலப் பூத்துக் கிடக்கும் சோடா உப்பைச் சேகரித்து வந்து பயன்படுத்தினார்கள்.

இதில் மூன்று விஷயம் தேவை. இலை, காரம், காற்று. முதல் இரண்டையும் எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். கொதிக்கும் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். மூடி போட்டு அரைமணி நேரம் கொதிக்க வைத்தாலும் நிறம் வராமல் போவது இதனால்தான். அதற்காகத்தான் கரண்டியால் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவது, நடுவில் ஐஸ் தண்ணீரைச் சேர்ப்பது எல்லாம். குளிர்ந்த தண்ணீரில் காற்று அதிகம் கரைந்திருக்கும். ஐஸ் தண்ணீர் பட்டதும் டீ "அதிர்ச்சியில்" சிவக்கிறது என்று சில ரெசிபிகளில் எழுதுவார்கள். டீக்கு என்ன அதிர்ச்சி? காற்றுதான் காரணம். இதைச் செய்யத் தமிழில் ஒரு சொல்லே இருக்கிறது, ஆற்றுதல். டீக்கடைக்காரர் சூடு தணிய ஆற்றுகிறார். காஷ்மீரில் நிறம் பிறக்க ஆற்றுகிறார்கள். பால் சேர்ப்பதற்கு முன்னாலேயே ஆற்ற வேண்டும், அதுதான் வித்தியாசம்.

செய்முறையைச் சொல்லாமல் வெறுமனே திட்டிக்கொண்டிருந்தால் நியாயம் இல்லை. நாலு கப்புக்கு அளவு இது. பச்சைத் தேயிலை இரண்டு டேபிள்ஸ்பூன். பையில் கட்டி வரும் கிரீன் டீ வேண்டாம், இலையாக இருப்பதுதான் நல்லது. எலுமிச்சை வாசனை சேர்த்தது கூடவே கூடாது, அதில் புளிப்பு சேர்த்திருந்தால் சோடாவின் வேலையைக் கெடுத்துவிடும். சாதாரண டீத்தூளும் ஆகாது. அது ஏற்கெனவே காற்றுப் பட்டுக் கறுத்த இலை, அதில் சிவக்க மிச்சம் ஒன்றும் இல்லை. மூன்று கப் தண்ணீரில் இலையைப் போட்டுக் கொதி வந்ததும் ஆப்ப சோடா கால் டீஸ்பூன். பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரிக்கும். எவர்சில்வர் போதும். மூடாமல் மிதமான தீயில் அரைமணி நேரம், அது ஒரு கப்பாகச் சுண்டும் வரை. நடுநடுவே கரண்டியால் மொண்டு ஊற்ற வேண்டும். சுண்டியதும் ஃப்ரிட்ஜில் வைத்த ஐஸ் தண்ணீர் இரண்டு கப் ஊற்றி, கை வலிக்கும் வரை ஆற்ற வேண்டும். ஐந்து நிமிடமாவது. அப்போதுதான் பழுப்பு மெல்ல விலகிச் சிவப்பு ஏறுவதைப் பார்க்கலாம். மறுபடி இருபது நிமிடம் கொதிக்க விட்டு, ஒன்றரை கப்பாக வந்ததும் வடிகட்டினால் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போல இருக்கும். கெட்டியான பால் இரண்டரை கப்பைத் தனியே காய்ச்சிச் சேர்த்து, உப்பு அரை டீஸ்பூன். பாலின் ஏட்டை மேலே போட்டால் இன்னும் நல்லது. ஏலக்காய் விருப்பம்.

மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகட்டுமே! பிரியாணிக்கு ஆகிறது, அல்வாவுக்கு ஆகிறது.

சோடாவைக் கூடப் போட்டால் சீக்கிரம் சிவக்கும் என்ற குறுக்கு வழியும் உதவாது. சோப்புத் தண்ணீர் வாடை வரும். குடிக்க முடியாது.

சரி, கலர் ஊற்றுவதால் என்ன குடி முழுகிவிடும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்று, ருசி. காரத்தில் ஒரு மணி நேரம் வெந்த இலை தன் துவர்ப்பை இழக்கிறது. துவர்ப்பாக இருந்த அதே சத்துதான் நிறமாக மாறிவிட்டதே. அதனால்தான் அத்தனை இலை போட்டும் நாக்கைப் பிடிக்காமல் மழமழவென்று இறங்குகிறது. நிறமும் ருசியும் ஒரே வேலையின் இரண்டு விளைவுகள். நிறத்தைப் புட்டியிலிருந்து ஊற்றினால் ருசி எங்கிருந்து வரும்? அதை மறைக்கத்தான் சர்க்கரை, பாதாம், குங்குமப்பூ என்று அடுக்குகிறார்கள். குங்குமப்பூவும் பாதாமும் காஷ்மீரின் இன்னொரு டீயான கஹ்வாவுக்கு உரியவை. அது பால் இல்லாத, இனிப்பான, வேறு பானம். இரண்டையும் ஒரே கோப்பையில் போட்டுக் குழப்பி அதற்கும் "பாரம்பரிய" முத்திரை!

இன்னொன்று இதைவிடப் பெரியது. உண்மையான நூன் சாயின் நிறம் பளிச்சென்று இருக்காது. வாடிய ரோஜா மாதிரி, கொஞ்சம் செங்கல்பொடி கலந்த மாதிரி, மங்கலாக இருக்கும். இலைக்கு இலை மாறும், பாலுக்குப் பால் மாறும், போடுகிறவரின் கைக்குக் கை மாறும். புட்டிக் கலர் என்றைக்கும் ஒரே பளபளப்பு. பத்து தடவை அந்தப் பளபளப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பதினோராவது தடவை உண்மையானது கிடைத்தால் "என்ன இது, கலரே வரலையே" என்று தோன்றும். ஒரு மணி நேரம் நின்று ஆற்றிக் கொடுத்தவர் தோற்றுவிடுவார். இரண்டு சொட்டு ஊற்றியவர் ஜெயித்துவிடுவார். அடுத்த நாள் அந்த முதல் ஆளும் புட்டியை வாங்கத்தான் செய்வார், பாவம், பிழைக்க வேண்டாமா? பச்சைப் பட்டாணிக்கு நடந்தது இது. சில்லி சிக்கனுக்கு நடந்தது இது. சாயம் சாப்பாட்டைக் கெடுப்பதற்கு முன்பே சாப்பிடுகிறவன் கண்ணைக் கெடுத்துவிடுகிறது.

2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருப்பது தெரிந்து முதலில் புதுச்சேரியிலும் அடுத்துத் தமிழ்நாட்டிலும் விற்பனைக்குத் தடை வந்தது. எல்லோரும் "ஐயோ, குழந்தைகள் சாப்பிடுவதாயிற்றே" என்றார்கள். ரொம்பச் சரி. வீட்டு அலமாரியில் இருக்கும் கலர் புட்டி அரசு அனுமதித்த நிறமாகவே இருக்கலாம், அதையும் துணிச்சாயத்தையும் ஒன்றாக்கிப் பேசுவது நேர்மை இல்லை. ஆனால் பஞ்சுமிட்டாய் ஏன் அவ்வளவு பளிச்சென்று இருக்க வேண்டியிருந்தது? அப்படி இருந்தால்தான் வாங்குகிறார்கள் என்பதால்தானே? தேயிலையில் நிறம் சேர்க்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. மூட்டையில் இருக்கும் தேயிலைக்குச் சாயம் ஏற்றினால் அதற்குப் பெயர் கலப்படம். கோப்பையில் ஏற்றினால் மட்டும் ரெசிபியா?

"செயற்கை வேண்டாம், பீட்ரூட் சாறு சேர்க்கலாமே" என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. இயற்கையானது என்றால் ஏமாற்று இல்லை என்று நினைப்பு. வேடிக்கை என்னவென்றால் பீட்ரூட்டின் நிறம் சூட்டையும் தாங்காது, சோடாவின் காரத்தையும் தாங்காது. மஞ்சளித்துப் பழுப்பாகிவிடும். நிறத்துக்காகச் சேர்த்து, நிறமும் போய், டீயில் பீட்ரூட் வாடைதான் மிச்சம்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம். சமோவார் இல்லாமல் போட்டால் நூன் சாயே இல்லை, காஷ்மீர் கடையில் வாங்கிய இலை இல்லாவிட்டால் தொடவே கூடாது, பள்ளத்தாக்கின் தண்ணீர் இல்லாமல் அந்த ருசி வராது என்கிறவர்கள். சமோவார் அழகான சாமான்தான். ஈயம் பூசிய செம்புப் பாத்திரம், நடுவில் கரி எரிவதற்கு ஒரு குழாய், சுற்றிலும் டீ, வெளியே நகாசு வேலை. பெயரே ரஷ்யாவிலிருந்து மத்திய ஆசியா வழியாக வந்தது. ஆனால் எத்தனையோ காஷ்மீர் வீடுகளில் தினப்படி டீ காஸ் அடுப்பில்தான் கொதிக்கிறது. அங்கே இருக்கிறவர்களே பாத்திரத்தை மாற்றிக்கொண்டபோது, வெளியே இருக்கிறவனுக்கு மட்டும் செம்புதான் வேண்டும் என்று விதி போடுவது யார்? இந்த மிரட்டலுக்குப் பயந்துதான் பாதிப் பேர் புட்டிக்காரர்கள் பக்கம் ஓடுகிறார்கள். ஒருத்தர் இது முடியவே முடியாது என்கிறார். இன்னொருத்தர் இதற்கு ஒன்றுமே தேவையில்லை என்கிறார். ஆப்ப சோடாவும் ஒரு கரண்டியும் ஒரு மணி நேரமும் போதும் என்று இரண்டு பேருமே சொல்வதில்லை.

அப்படியானால் சர்க்கரை போட்டவர்கள் எல்லாம் திருடர்களா? இல்லை. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் வறுமையும் வரிக்கொடுமையும், அதன் உச்சமாக 1877-79 பஞ்சமும் காஷ்மீரிகளைக் கூட்டம் கூட்டமாகப் பஞ்சாபுக்கு விரட்டின. லாகூரிலும் அமிர்தசரஸிலும் குடியேறினார்கள். இன்றைக்கும் லாகூரிலும் கராச்சியிலும் குளிர்காலம் வந்தால், கல்யாணம் வந்தால் இளஞ்சிவப்பு டீதான். சர்க்கரை, பாதாம், பிஸ்தா எல்லாம் உண்டு. அதற்கும் ஒழுங்காக மணிக்கணக்கில் காய்ச்சி ஆற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் மாறியவர்கள் நாக்கும் மாறியது, அது அவர்களுடைய டீ, அதற்கும் ஒரு வயது இருக்கிறது. சர்க்கரை குற்றம் இல்லை. இனிப்பான டீயைக் காட்டி "பள்ளத்தாக்கில் இப்படித்தான் குடிக்கிறார்கள்" என்பது பொய். கொதிக்கவே வைக்காத டீக்குச் சாயம் பூசுவது அதைவிடப் பெரிய பொய்.

நூன் சாய் மீது வைக்கக்கூடிய உண்மையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. சாயக்காரர்கள் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. காஷ்மீரில் ஒரு நாளைக்கு நாலைந்து கோப்பை உப்பு டீ குடிக்கிறவர்கள் சாதாரணம். உப்பிலும் சோடியம், சோடாவிலும் சோடியம். ரத்த அழுத்தம் இருக்கிறவர்களுக்கு இது நல்லதில்லை. உணவுக்குழாய்ப் புற்றுநோய் அங்கே அதிகம் இருப்பதற்கும் இந்த டீக்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவர்கள் பல வருடமாக ஆராய்ந்து வருகிறார்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சொன்னது. இதெல்லாம் யோசிக்க வேண்டிய விஷயங்கள். உப்பைக் குறைக்கலாம், சூடு தணிந்து குடிக்கலாம், தினமும் இல்லாமல் எப்போதாவது குடிக்கலாம். பாரம்பரியம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எதையும் குடிக்கத் தேவையில்லை. ஆனால் பாருங்கள், உப்பை எடுத்தவர்கள் உடம்புக்காக எடுக்கவில்லை. எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைப் போட்டார்கள்!

காஷ்மீர் என்றால் வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு. ஒன்று டிவி செய்தி, இன்னொன்று காலண்டர் படம். இரண்டிலும் வராத ஒன்று அங்கே விடிகாலையில் நடக்கிறது. இருட்டு விலகுவதற்கு முன்பே காந்துர் என்னும் ரொட்டிக்காரரின் கடையில் தந்தூர் அடுப்பு எரிய ஆரம்பிக்கும். வீட்டுக்கு ஒருவர் போய் நின்று சுடச்சுட கிர்தாவும் லவாசாவும் வாங்கி வருவார்கள். வெண்ணெய் தடவி, உப்பு டீயில் தொட்டு, குளிரில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மத்தியானத்துக்கு மேல் மறுபடி டீ, அதற்கு வேறு ரொட்டி. உப்பு இருப்பதால்தான் அது ரொட்டியோடு சேர்கிறது. நூன் சாய் ஒரு சாப்பாடு. அதில் உப்பை எடுத்துவிட்டு நிறத்தை மட்டும் வைத்துக்கொள்வது, ஒருவர் வீட்டுக்குப் போய் சாப்பாட்டைத் தொடாமல் தட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வருவது மாதிரி.

முதல் தடவை போடுகிறவர்களுக்கு அநேகமாக நிறம் வராது. பழுப்பாக, பிரவுன் பேப்பர் நிறத்தில் நிற்கும். அந்த இடத்தில்தான் கை அலமாரியில் இருக்கும் புட்டியைத் தேடும். தேட வேண்டாம். அந்தப் பழுப்பில் பாலும் உப்பும் போட்டுக் குடியுங்கள். இலை வெந்திருக்கிறது, துவர்ப்பு அடங்கியிருக்கிறது, உப்பு இருக்கிறது. அது நூன் சாய்தான், நிறம் மட்டும் பாக்கி. அடுத்த தடவை இலையை இன்னும் அரை ஸ்பூன் கூட்டி, பத்து நிமிடம் அதிகமாக ஆற்றினால் அதுவும் வரும். காஷ்மீர் ரொட்டி கிடைக்காவிட்டால் பன்னோ பொறையோ போதும், கொஞ்சம் வெண்ணெய் தடவி.

ஒரு மணி நேரம் யாருக்கு இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பங்காக டிகாக்‌ஷன் போட்டு வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் கெடாது. திங்கட்கிழமை காலையில் பால் காய்ச்சி, டிகாக்‌ஷனைச் சேர்த்துச் சூடாக்கி, உப்புப் போட வேண்டியதுதான். ஐந்தே நிமிடம்.